கொழும்பு பஸ் ஏறுமுன்...

பிள்ளைப் பாக்கியச் சிகிச்சைக்காகப் புறப்படும் புத்தளம் கரையோரத் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு வருடத்தில் இரண்டு திருநாள். மார்ச்சில் ஒன்று, ஜூலை-ஓகஸ்ட் காலத்தில் ஒன்று. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து முதிய வயதில் மரியாளைப் பெற்றவர் அன்னம்மாள் என்பது கிறிஸ்தவ மரபு. பிள்ளை வரம் கேட்பவர்களுக்கு அவர் நெருக்கமானவராக இருப்பதில் வியப்பில்லை. தெற்கே சிலாபத்தை அடுத்து முன்னேஸ்வரம் இருக்கிறது. இடையில் உடப்பில் திரௌபதை அம்மன் கோயில். பள்ளிவாசல் பயான்களில் இப்ராஹீம் நபியும் ஸகரிய்யா நபியும் முதுமையில் பிள்ளை பெற்ற வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. மூன்று சமயத்தவர் நெருங்கி வாழும் இந்தக் கரையில் பிள்ளையில்லாத ஏக்கத்தைச் சொல்லி அழ இடமுண்டு. சிகிச்சையைப் பற்றி வாய்விட்டுக் கேட்கத்தான் இடமில்லை.

கலியாணமாகி ஆறு மாதத்தில் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேள்வி வரும். ஒரு வருடம் போனதும் மாமியாரோ மதினியோ மருமகளை வி.ஓ.ஜி. எனப்படும் பெண்நோயியல் வைத்தியரிடம் சனல் பண்ணிக் கூட்டிப்போவார். அவர் எழுதிய மாத்திரை மூன்று மாதம். பிறகு இன்னொரு வி.ஓ.ஜி., இன்னொரு ஸ்கேன். அவளுடைய ஃபைல் தடித்துக்கொண்டே போகும். கணவர் கட்டாரிலோ கடலிலோ கடையிலோ இருப்பார். அவர் பெயரில் ஒரு துண்டு ரிப்போர்ட்கூட இராது. நான்காம் வருடம், யாரோ ஒரு உறவுக்காரப் பெண்ணுக்குக் கொழும்பில் ‘டெஸ்ட் டியூப்’ செய்து சரிவந்தது என்ற செய்தி வரும். நகை அடகுக்குப் போகும், தம்பதி பஸ் ஏறும்.

இந்த வரிசை தலைகீழானது. எந்த கிளினிக் நல்லது என்பது கடைசிக் கேள்வி. ஏன் தங்கவில்லை என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தேடும் வேலையில் பெரும்பகுதியை ஊரிலேயே, அதிலும் கணிசமானதைக் காசில்லாமலே முடிக்கலாம்.

முதல் ஃபைல் ஊரிலே

கருத்தடை ஏதும் இல்லாமல் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்தும் 12 மாதத்தில் கரு தங்காவிட்டால் பரிசோதனை தேவை என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறை. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், தாங்கமுடியாத மாதவிடாய் வலி உள்ளவர்கள், வயிற்றில் ஒபரேசன் அல்லது காசநோய் கண்டவர்கள், விதைப்பையில் ஒபரேசன் செய்த ஆண்கள் ஆகியோர் அந்தத் தவணைக்கும் காத்திருக்க வேண்டாம். இது அபூர்வமான குறையும் அல்ல. வளர்ந்தவர்களில் 17.5 விழுக்காட்டினர், அதாவது ஆறில் ஒருவர், வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது.

இலங்கையில் இதற்கு முதல் வாசல் நம் வீட்டுக்கே வரும் குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் என்று அழைப்பவர். கர்ப்பிணியானால்தான் அவரைத் தேட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவர் வைத்திருக்கும் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேட்டில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியரும் அடக்கம். கருவுறுமுன் எடுக்க வேண்டிய போலிக் அமிலம், ருபெல்லா தடுப்பூசி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக், அங்கிருந்து சிலாபம் அல்லது புத்தளம் அரச வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் என்று எல்லாம் அவர் வழியாகவே தொடங்கலாம்.

அடிப்படைப் பரிசோதனைகள் அதிகமில்லை. பெண்ணுக்கு ஒரு ஸ்கேன். தைரொயிட், புரோலக்டின் போன்ற இரத்தப் பரிசோதனைகள். முட்டை வெளியாகிறதா என்று பார்க்க அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு புரொஜெஸ்தரோன் அளவு. கருக்குழாய் இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கும் எக்ஸ்ரே. ஆணுக்கு விந்துப் பரிசோதனை. ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: சூலகத்தில் முட்டை இருப்பு எவ்வளவு, சிகிச்சையில் போடும் ஹோர்மோன் ஊசிக்கு அது எப்படிப் பதில் தரும் என்பதை அது காட்டும். இயற்கையாகக் கரு தங்குமா தங்காதா என்பதைச் சொல்லாது. அந்த எண் குறைவென்று சொல்லி உடனே காசு கட்டச் சொல்லும் இடத்தில் எழுந்து வெளியே வரலாம்.

ஆணின் பாதி

பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணம் தனியாகவோ பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. கருக்குழாய் எக்ஸ்ரேயில் வலி உண்டு, விந்துப் பரிசோதனையில் வலியில்லை. செலவும் குறைவு. ஆனாலும் நம் ஊரில் வலியுள்ளது முதலிலும் வலியில்லாதது கடைசியிலும் நடக்கிறது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற சொல்லுக்கு ஆய்வுகூடத்தில் மதிப்பில்லை. தாம்பத்தியத்தில் குறையில்லாத, திடகாத்திரமான ஆணுக்கும் விந்தில் அணுவே இல்லாமல் இருக்கலாம்.

இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டுக் கைநூல்படி, கீழெல்லை மில்லிலீற்றருக்கு 160 இலட்சம் அணுக்கள், அசைவுள்ளவை 42 விழுக்காடு, சரியான வடிவுள்ளவை 4 விழுக்காடு. நூற்றில் நாலுதான் ஒழுங்கான வடிவம் என்று ரிப்போர்ட்டில் கண்டால் பயப்படத் தேவையில்லை. அது வழமையான அளவுதான். எல்லைக்குக் கீழே வந்தாலும் ஒரே ரிப்போர்ட்டில் தீர்ப்பில்லை. விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் எடுக்கும் என்பதால், காய்ச்சல் வந்து போன பின் எடுத்த மாதிரி பொய்க் கணக்குக் காட்டும். திரும்பவும் எடுத்துப் பார்க்க வேண்டும். சிகரெட், ஜிம்மில் போடும் டெஸ்டொஸ்டெரோன் ஊசி ஆகியவற்றை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊசி ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போடுகிறவர்களுக்கு விந்தணு உற்பத்தியே நின்றுபோவதுண்டு.

வளைகுடாவிலும் இத்தாலியிலும் உழைக்கும் கணவர்கள் நிறைந்த மாவட்டம் இது. ‘கலியாணமாகி ஐந்து வருடம்’ என்று ஃபைலில் எழுதியிருக்கும். லீவுகளைக் கூட்டினால் சேர்ந்திருந்தது பத்து மாதம்கூட வராது. ஒரு மாத லீவில் முட்டை வெளியாவது ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அந்தத் தம்பதிக்கு நோய் இல்லாமலே இருக்கலாம், இல்லாதது நாட்கள்தான். வைத்தியரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல் இதுவே. கணவர் லீவில் வரும்போது விந்துப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். திரும்பிப் போகுமுன் விந்தை உறையவைத்துச் சேமிக்கும் வசதியைப் பற்றியும் கேட்கலாம். அதன் உரிமை பற்றிய படிவத்தைப் படித்துவிட்டே ஒப்பமிட வேண்டும்.

படிப்படியாகவே ஏற வேண்டும்

காரணம் தெரிந்தபின் சிகிச்சை பெரும்பாலும் படிகளாக அமையும். முட்டை ஒழுங்காக வெளியாகாதவர்களுக்கு, குறிப்பாகச் சூலகத்தில் பல நீர்க்கட்டிகள் காணும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு, முதற்படி மாத்திரைதான். பழைய குளோமிபீனை விட லெட்ரசோல் எடுத்தவர்களுக்கு அதிகம் குழந்தை பிறந்தது என்று 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2014 இல் காட்டியது. இப்போதைய சர்வதேச வழிகாட்டல்களும் லெட்ரசோலையே முன்வைக்கின்றன. உடற்பருமன் உள்ளவர்கள் எடையைச் சிறிது குறைத்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வருவதுண்டு.

இரண்டாம் படி ஐ.யு.ஐ. கழுவித் தெரிந்தெடுத்த விந்தை, முட்டை வெளியாகும் நாளில் மெல்லிய குழாயால் கருப்பைக்குள் செலுத்துவது. கருக்குழாய் திறந்திருந்தால்தான் இதற்குப் பொருளுண்டு. ஒரு தடவைக்குப் பத்தில் ஒருவர் அளவில், சில வேளை சற்றுக் கூடுதலாகக் கரு தங்கும். மூன்று நான்கு தடவைக்குப் பின்னும் சரிவராவிட்டால் அதையே தொடர்வது காலத்தையும் காசையும் கரைக்கும். அரச போதனா வைத்தியசாலைகள் சிலவற்றில் இதுவரையான சிகிச்சை கிடைக்கிறது.

மூன்றாம் படிதான் ஊரில் ‘டெஸ்ட் டியூப்’ என்று சொல்லும் ஐ.வி.எஃப். 1978 ஜூலை 25 இல் இங்கிலாந்தின் ஓல்டமில் பிறந்த, இம்முறையின் முதல் குழந்தையான லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. ஒன்பது வருடம் காத்திருந்தவர். அந்த அடைப்பைச் சுற்றிப் போகவே இந்த முறை பிறந்தது. ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் ஹோர்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், கடைசி ஊசி போட்டு 36 மணித்தியாலம் அளவில் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பது, ஆய்வுகூடத்தில் விந்தோடு சேர்ப்பது, மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருவைக் கருப்பையில் வைப்பது, இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை. எஞ்சிய கருக்களை உறையவைக்கலாம். விந்தணு மிகக் குறைவாக உள்ள ஆண்களுக்காக வந்தது இக்ஸி. ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இந்த முறையால் கருவுற்ற செய்தி பெல்ஜியத்தின் பிரசல்ஸிலிருந்து 1992 இல் வந்தது.

எந்தத் தொகையில் எத்தனை?

கிளினிக் தேடும்போது முதலில் கண்ணில் படுவது விளம்பரத்திலுள்ள விழுக்காடு. ‘70 விழுக்காடு வெற்றி’ என்று ஓரிடம் சொன்னால் எதில் எழுபது என்று கேட்க வேண்டும். பத்து வள்ளம் கடலுக்குப் போகின்றன. காற்று மாறியதால் ஆறு பாதியிலேயே திரும்புகின்றன. வலை வீசிய நான்கில் இரண்டு மீனோடு வருகின்றன. ‘வலை வீசியவற்றில் பாதிக்கு மீன்’ என்பது பொய்யில்லை. ஆனால் கடலுக்குப் போனவர்களில் மீனோடு வந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். ஐ.வி.எஃப். கணக்கும் இப்படியே மாறும். ஊசி தொடங்கிய எல்லாருக்கும் முட்டை கிடைக்காது. முட்டை கிடைத்த எல்லாருக்கும் கரு உருவாகாது. கருவை வைத்தவர்களை மட்டும் எண்ணினால் விழுக்காடு ஏறும். இரத்தப் பரிசோதனையில் ‘பொசிட்டிவ்’ வந்ததையே வெற்றி என்று எண்ணினால் இன்னும் ஏறும். அவற்றில் சில கலைந்துபோகும். உங்களுக்கு வேண்டிய எண் ஒன்றே: உங்கள் வயதில், சொந்த முட்டையோடு, சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் உயிருள்ள குழந்தையோடு வீடு போனார்கள்?

வயதின் பாரத்தை இங்கிலாந்தின் கணக்கு காட்டுகிறது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே அமைந்த ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, கிளினிக் ஒவ்வொன்றின் முடிவையும் வாங்கி வெளியிடுகிறது. அங்கே 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு வைக்கப்படும் கருக்களில் மூன்றில் ஒன்று அளவில் குழந்தையாகிறது. 43, 44 வயதில் அது நூற்றுக்கு ஐந்து அளவுக்கு இறங்குகிறது. இந்த வீழ்ச்சியை எந்த ஊசியாலும் நிறுத்த முடியாது. 40 கடந்தவருக்கும் 28 வயதுக்காரருக்கும் ஒரே விழுக்காட்டைச் சொல்லும் இடம் கணக்கில் நேர்மையில்லாத இடம்.

பில்லில் ஏறும் ‘மேலதிகம்’

ஐ.வி.எஃப். பல இலட்சம் ரூபாய்ச் சங்கதி. அதற்கு மேல் பில்லில் சேரும் ‘மேலதிக’ வசதிகள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இல்லை. விந்தணு எண்ணிக்கை சரியாக உள்ள தம்பதியரில் சாதாரண ஐ.வி.எஃப்.-க்குப் பதிலாக இக்ஸி செய்வதால் கூடுதல் குழந்தை பிறப்பதில்லை என்று வியட்நாமில் நடந்த பெரிய ஆய்வு 2021 இல் காட்டியது. கருப்பை உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாகப் பற்றும் என்று பல நாடுகளில் செய்துவந்தார்கள். 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019 இல் வந்தது. சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பெற்றவர்கள் அதே 26.1 விழுக்காடு. ஆகவே ஒவ்வொரு மேலதிகத்துக்கும் ‘எனக்கு இது ஏன் தேவை? செய்யாவிட்டால் என்ன குறையும்?’ என்று கேளுங்கள். விடை சொல்லாமல் ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்றால் அந்தச் செலவை வெட்டலாம்.

இரண்டு மூன்று கருக்களை ஒன்றாக வைத்தால் ஒரே செலவில் இரட்டைப் பிள்ளை என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. இரட்டையர்கள் குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம், தாய்க்கும் ஆபத்து கூடும். இயலுமான இடத்தில் ஒரே கருவை வைத்து, மற்றவற்றை உறையவைப்பதே இன்று நல்ல கிளினிக்கின் அடையாளம்.

தூரமும் மொழியும்

இலங்கையில் ஐ.வி.எஃப். நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் மையமாகக் கொண்டவை, அநேகமானவை தனியார். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து வருகிறவருக்குப் பாலாவிச் சந்திவரை இன்னும் நாற்பது அளவில் கூடும். ஸ்கேனுக்காக இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விடியற்காலை பஸ் ஏறி ஓடிவர முடியாது. ஆரம்ப ஸ்கேன்களைச் சிலாபத்திலோ புத்தளத்திலோ எடுத்து அனுப்பினால் ஏற்பீர்களா என்று முதல் நாளே கேளுங்கள். ஏற்காவிட்டால் தங்குமிடச் செலவையும் மொத்தக் கணக்கில் சேருங்கள்.

ஊசி மருந்துகளில் பல 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டியவை, உறைந்தால் கெட்டுவிடும். ஐஸ் கட்டியில் நேரே புதைத்துக் கொண்டுவரக் கூடாது. குளிர்பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள். முட்டை எடுத்தபின் வயிறு வீங்கல், ஓயாத வாந்தி, மூச்சு முட்டல், சிறுநீர் குறைதல் ஏதும் கண்டால் கொழும்புக்குப் புறப்பட்டு நேரத்தை இழக்காமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கே ஓடுங்கள். சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது. என்ன ஊசி, எந்த நாள் என்று எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும்.

மொழியும் சிகிச்சையின் ஒரு பகுதி. சம்மதப் படிவத்தில் உறைந்த கருக்களை எத்தனை வருடம் வைப்பது, கணவன் இறந்தால் அல்லது பிரிந்தால் அவற்றை என்ன செய்வது, பிறருடைய முட்டையோ விந்தோ பயன்படுமா என்பவையெல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் நீட்டிய தாளில் அவசரமாக ஒப்பமிட வேண்டாம். தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லையென்றால் தாளை வீட்டுக்கு வாங்கிவந்து, தெரிந்தவரிடம் படித்துக் கேட்டபின் ஒப்பமிடுங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வெளியே கேட்கத் தயங்கினாலும் மனத்தை அரிக்கும் கேள்வி இது. எகிப்தின் அல்-அஸ்ஹர் 1980 இல் வழங்கிய ஃபத்வா, கணவன் மனைவியின் சொந்த விந்தும் முட்டையும் கொண்டு, திருமண உறவு நீடிக்கும்போது செய்யும் ஐ.வி.எஃப்.-ஐ அனுமதித்தது, மூன்றாமவரின் பங்கை மறுத்தது. சுன்னி உலகம் பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1987 இல் வெளியிட்ட ‘தோனும் வீத்தே’ என்ற அறிவுறுத்தல் ஐ.வி.எஃப்.-ஐ ஏற்கவில்லை. ஆனால் குறையைக் கண்டறிவதையோ, மாத்திரையோ ஒபரேசனோ கொண்டு குணப்படுத்துவதையோ அது தடுப்பதில்லை. இந்துக்களுக்கு இப்படி ஒரே அதிகார வாக்கு இல்லை, முடிவு குடும்பத்தின் கையில். எந்தச் சமயத்தவரானாலும் ‘எங்கள் விந்து, எங்கள் முட்டை மட்டும்’ என்பது உங்கள் நிலைப்பாடானால் அதைப் படிவத்தில் எழுத்தில் பதியுங்கள். மாதிரிகள் மாறிவிடாமல் ஒவ்வொரு கட்டத்திலும் எப்படிப் பெயர் சரிபார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

சட்டமும் தமிழ்நாட்டுப் பயணமும்

இந்தியாவில் இத்துறைக்கு 2021 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கிளினிக்குகள் பதிவு பெற வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயதெல்லை இருக்கிறது. பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் தெரிந்தெடுப்பதும் குற்றம். இலங்கையில் தனியார் வைத்தியசாலைகள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவாக வேண்டும். ஆனால் இங்கிலாந்தைப் போல ஒவ்வொரு ஐ.வி.எஃப். நிலையத்தின் வெற்றிக் கணக்கையும் பொதுமக்கள் பார்க்கும் ஏற்பாடு இங்கே இல்லை. அதனால் கேட்டுத் தெரியும் பொறுப்பு தம்பதியின் தலையில் விழுகிறது.

மொழி வசதிக்காகச் சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் அந்தச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விமானம், தங்குமிடம், உறைந்த கருவை வைக்க இரண்டாம் தடவை போய்வரும் செலவு ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். கரு தங்கியபின் பார்க்கப்போகும் புத்தளத்து வைத்தியருக்காக முழு ஃபைலையும் வாங்கி வர வேண்டும்.

காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. எங்களுக்கு என்ன காரணம்? இதைவிட எளிய சிகிச்சை ஏன் போதாது?
2. என் வயதில், தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேருக்கு உயிருள்ள குழந்தை?
3. ஆய்வுகூடத்தில் கருவைப் பராமரிக்கும் எம்பிரியோலஜிஸ்ட் நிரந்தரமாக இருக்கிறாரா? மின்சாரம் போனால் ஆய்வுகூடத்துக்கு என்ன ஏற்பாடு?
4. ஊசி, மயக்க மருந்து, உறையவைத்தல், அடுத்த தடவை கரு வைத்தல் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எழுத்தில் தருவீர்களா?
5. பாதியில் நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
6. எத்தனை கரு வைப்பீர்கள்?
7. இரவில் ஏதும் நடந்தால் யாருக்கு அழைப்பது? அவர் தமிழ் பேசுவாரா?

இவற்றுக்குப் பொறுமையாக விடை தரும் இடத்தை நம்பலாம். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கும் இடம், சுவரில் எத்தனை குழந்தைப் படம் மாட்டியிருந்தாலும், உங்களுக்குரிய இடமல்ல.

இன்னொன்றையும் தம்பதியர் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்: எத்தனை தடவை, எவ்வளவு காசு, அதற்குப் பிறகு நிறுத்துவோம் என்ற எல்லை. வீட்டு உறுதியை வைத்துத் தொடரும் மூன்றாம் தடவை, பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் கடனாக வீட்டுக்குள் நிற்கும். எல்லையைத் தாண்டியபின் தத்தெடுப்பது, இருவராகவே வாழ்வது என்ற வழிகளும் மதிப்புள்ளவையே.

சிலாபத்திலும் புத்தளத்திலும் அரச வைத்தியசாலைகளில் தமிழில் பேசும் தாதியரோடு, கணவன் மனைவி இருவரையும் ஒரே நாளில் பார்க்கும் பிள்ளைப்பேறு கிளினிக் ஒன்று வாரத்தில் ஒரு நாளாவது வேண்டும். ஊர்ச் சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் இதைக் கோரிக்கையாக மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் வைக்க வேண்டும். அது வரும்வரை வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருமகளை மட்டும் தனியே கூட்டிப்போகாதீர்கள். முதல் நாளே மகனையும் கூட்டிப்போங்கள்.